நீர்க்காகங்களுக்கான மன்றாட்டு

என் தாயார் பாத்திமா மேரி அவர்கள் எனக்கு வரன் தேடுவதற்காகத் தயாரித்த பயோடேட்டாவில், 'விருப்பங்கள்' என்ற சொல்லுக்கு நேரே, 'ஜெபமாலை, வேதாகம வாசிப்பு, குடும்ப ஜெபம்' என்று எழுதியிருந்தார்கள். அதில் பொய் ஏதும் இல்லை. நான் நாள்தோறும் ஜெபமாலை சொல்பவன்தான். கடலூரில் எங்கள் பங்கு ஆலயத்தில், ஞாயிறு எட்டு மணிப் பூசைக்கு வாசகம் வாசிப்பவனும் நான்தான். ஆயினும், சனிக்கிழமை தோறும் பிச்சாவரம் சென்று, படகில் அமர்ந்து, பறவைகளை எண்ணி ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்பவன் இந்த ஆரோக்கிய பிரபு என்பது அந்தத் தாளில் எங்குமே இல்லை.

அம்மாவைக் குறை கூற இயலாது. அதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் பறவைகளால்தான் கலைந்தன. குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த வீட்டார், "பையன் லீவு நாள்ல கொக்கு பாக்கறாராமே, ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?" என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார்கள். அடுத்து வந்தவர்கள் எதுவும் கேட்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

"இந்த வாட்டி கொக்கு, குருவின்னு வாயத் தொறந்த, நான் வேளாங்கண்ணிக்கு நடந்தே பூடுவேன். திரும்பி வரமாட்டேன், சொல்லிட்டேன்" என்று அம்மா எச்சரித்திருந்தார்கள்.

மூன்றாவதாக வந்த வரன், சிதம்பரத்தில் ஒரு கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கும் பணியில் இருந்த மேரி ஷாலினி. புகைப்படத்தில் அவர் மிகவும் அடக்கமாக நின்றிருந்தார். ஆனால் உதட்டின் இடது ஓரம் மட்டும், படம் எடுப்பவர் சொன்ன எதற்கோ சிரித்துவிடாமல் இருக்கப் பெரும் பாடுபட்டுக்கொண்டிருந்தது. அந்த ஓரத்தை ஒரு வாரத்தில் எத்தனை முறை பார்த்தேன் என்று குறித்து வைக்காதது நல்லதாயிற்று. இந்த வரன் மட்டும் கலைந்துவிடக் கூடாது என்று, முதன்முறையாக எனக்கென்றே ஒரு ஜெபமாலை சொன்னேன்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு முன், ஞாயிறு பூசையில் வைத்து இரு வீட்டாரும் பார்த்துக்கொள்வார்கள். ஏதோ அந்த வழியாக வந்தவர்கள் போல வந்து அமர்வார்கள். பிடித்தால் பேச்சைத் தொடரலாம். பிடிக்காவிட்டாலும் பூசை கண்டதாக ஆயிற்று, யாருக்கும் சங்கடமில்லை. ஜனவரி மாதத்துக் கடைசி ஞாயிறன்று, பெண் வீட்டார் சிதம்பரத்திலிருந்து எங்கள் ஆலயத்துக்கு அப்படி வருவதாக ஏற்பாடாகியிருந்தது.

அந்த ஞாயிறு எங்கள் அன்பியத்தின் முறையாகவும் அமைந்துவிட்டது. அன்பியம் என்பது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக்குழு. எங்கள் பங்கில் வாரம் ஓர் அன்பியம், விசுவாசிகளின் மன்றாட்டுகளைத் தானே எழுதி வாசிக்க வேண்டும். ஐந்து மன்றாட்டுகளை வெள்ளிக்கிழமை மாலையே எழுதி முடித்தேன். கைக்கு அகப்பட்ட ஒரே நோட்டுப் புத்தகம் பறவைகளுடையது. அதில் முதல் மன்றாட்டு ஒரு பக்கத்திலும், மற்ற நான்கும் அதைத் திருப்பியவுடன் வரும் பக்கங்களிலும் இருந்தன. சனிக்கிழமை பிச்சாவரத்தில், படகுக்காரர் கலியமூர்த்தி அண்ணன் ஒரு வளைவில் துடுப்பை வேகமாகப் போட, நோட்டுப் புத்தகம் படகின் அடியில் தேங்கியிருந்த நீரில் விழுந்தது. எடுத்துத் துடைத்து, அன்றைய பறவைகளை அடுத்திருந்த வெற்றுப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வீடு திரும்பினேன். அது காயும்போது நடுவிலிருந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்பதை, பூசைக்கு நடுவே மேடை ஏறும் வரையில் நான் அறியவில்லை.

மூன்றாவது வரிசையில் ஷாலினி அமர்ந்திருந்தார். ஒரு பக்கம் அவருடைய தாயார். மறுபக்கம் தாய்மாமா மரியலூர்து. அவருடைய மீசை, முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்க அஞ்சும் அளவுக்கு இருந்தது. அந்த வீட்டில் அவர் சொல்வதே முடிவு என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார்.

"திருச்சபையை வழிநடத்தும் திருத்தந்தை, ஆயர்கள், குருக்கள் அனைவரும் உமது ஒளியில் நடந்திட, இறைவா உம்மை மன்றாடுகிறோம்" என்று தொடங்கினேன்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம்.

பக்கத்தைத் திருப்பினேன்.

"சாம்பல் நாரை, பதினேழு."

வாசித்த பிறகே எனக்கு உறைத்தது. ஆனால் நம் மக்களுடைய பழக்கம் உறுதியானது. வாசிப்பவரின் குரல் இறங்கி நின்றால் போதும்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று நானூறு பேர் முழு மனதோடு சொன்னார்கள்.

ஒட்டிய தாளைப் பிரிக்க முயன்றேன், அது கிழிந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் பதிலுக்காகக் காத்திருக்கும் அத்தனை பேரையும் பாதியில் விட்டுச் செல்வது பெரும் அவமரியாதையாக எனக்குப் பட்டது. எனவே, கையில் இருந்ததை இயன்றவரை மன்றாட்டாக ஆக்கினேன்.

"குருட்டுக் கொக்கு, நாற்பத்தொன்று. இவை அனைத்தும் தத்தம் குடும்பத்தோடு நலமாய் வாழ்ந்திட, இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

"நீர்க்காகம், எண்ணிக்கை நிச்சயமில்லை. இத்தகைய நிச்சயமற்ற நிலையில் வாழும் நீர்க்காகங்களுக்கு உமது ஆறுதல் கிடைத்திட, இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

இம்முறை பதிலில் சிறிது தயக்கம் தெரிந்தது. பீடத்தில் கைகூப்பிக் கண்மூடி நின்றிருந்த பங்குத்தந்தை லூர்துசாமி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். அதைக் கண்டதும் எனக்கிருந்த சிறிது நிதானமும் போய்விட்டது. கண் அடுத்த வரிக்கு இறங்க, வாய் அதைச் சொல்லிவிட்டது.

"கலியமூர்த்தி அண்ணன் தந்த இறால் வடை, இரண்டு."

மின்விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் இருந்த கடைசி இரண்டு வரிசைகள் மட்டும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று உருக்கத்தோடு வேண்டின.

அப்போதுதான் மூன்றாவது வரிசையிலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. முதலில் விக்கல் போல ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு, துப்பட்டாவால் வாயைப் பொத்தியும் அடங்காமல், பானையிலிருந்து நெல்லிக்காய்கள் கொட்டுவது போல ஒரு முழுச் சிரிப்பு. அது அக்கம்பக்கத்து வரிசைகள் முழுவதும் பரவி, பாடகர் குழுவுக்குப் போனது. கீபோர்டு வாசிப்பவர் அதன் மீதே தலையைக் கவிழ்க்க, அது தன் பங்குக்கு ஒரு பெரிய ஒலி எழுப்பியது. ஃபாதர் தோள்கள் குலுங்க, "இவற்றையும், எங்கள் உள்ளத்தில் உள்ள ஏனைய வேண்டுதல்களையும் ஏற்றருளும்" என்று சொல்லி, மிகுந்த கருணையோடு அந்தப் பகுதியை முடித்து வைத்தார்.

பூசைக்குப் பிறகு ஆலய முற்றத்தில் அம்மா என் சட்டைக் கையைப் பிடித்தார்கள்.

"என் மானமே போச்சுடா. இறால் வடையாடா? பூசையிலயாடா?"

"மன்னிச்சிடுங்கம்மா."

"அதுலயும் ரெண்டு! வெறும் வயித்துல எண்ணெ பலகாரம் துன்னா பித்தம் ஜாஸ்தியாவும்னு எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்!"

ஃபாதர் எங்களைக் கடந்து போகும்போது நின்றார். "பிரபு, கொக்கு, நாரையெல்லாம் சரிய்யா. ஆண்டவர் படைச்சது. அந்த வடைக்கு எதுக்குய்யா மன்றாட்டு? அதுக்குத்தான் நேத்தே உன் வயித்துல நித்திய இளைப்பாற்றி கெடச்சிடுச்சே."

அம்மாவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் பெண் வீட்டாரும் வந்துவிட்டனர். இரு வீட்டாரில் யார் முதலில் மன்னிப்புக் கேட்பது என்பதில் ஒரு போட்டியே தொடங்கிவிட்டது.

"எங்க பொண்ணு கோயில்ல அப்டி சிரிச்சது தப்புதாம்மா" என்றார் ஷாலினியின் தாயார்.

"ஐயோ, எம்புள்ள வாசிச்சதுதாங்க தப்பு."

"வாசிக்கறவங்க வாசிப்பாங்க. அதுக்காவ சிரிக்கலாமா?"

"சிரிக்காம இன்னா பண்ணுவாங்க, பாவம்?"

அவர்கள் விட்டுக்கொடுக்காமல் இருந்த நேரத்தில், மாதா சிலையுள்ள கற்குகையான கெபிக்கு அருகே ஒதுங்கியிருந்த என்னை நோக்கி ஷாலினி வந்தார்.

"சிரிச்சதுக்கு ஸாரி கேட்டுட்டு வரச்சொல்லி எங்கம்மா அனுப்பிச்சாங்க."

"தயவுசெய்து கேட்க வேண்டாங்க."

"சரி, கேக்கல." அவர் கெபியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அந்த நீர்க்காகம், சும்மா ஒரு உத்தேசமா, எத்தினி இருக்கும்?"

"முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவுலங்க. முழுகி முழுகி வேற எடத்துல எழுந்திருக்குதுங்க. எண்ணினதையே திரும்ப எண்ணிடுவோமோன்னு பயமா இருக்கும்."

ஷாலினி மறுபடியும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் பயோடேட்டால தையல்னு இருக்குமே, பாத்தீங்களா? எனக்கு ஊசில நூல் கோக்கவே வராது. அம்மா போட்டது."

"அப்போ, உங்களுக்கு எதுல விருப்பங்க?"

அவர் இருபுறமும் பார்த்துக்கொண்டார்.

"ராட்டினம்."

"திருவிழாவுல சுத்துமே, அதுங்களா?"

"அதேதான். எந்த ஊர்ல மாதா திருவிழா, அந்தோணியார் திருவிழான்னாலும் பூசைக்குப் போயிடுவேன். பூசை முடிஞ்சதும் நேரா ராட்டினம். போன வருஷம் மட்டும் பதிமூணு ஊரு. 'நீ வர்றது மாதாவுக்கா, ராட்டினத்துக்கா?'ன்னு எங்க ஃபாதரே கேட்டுட்டாரு. 'மாதாவுக்கு இதுல ஒண்ணும் வருத்தம் இல்ல ஃபாதர், நான் கேட்டுட்டேன்'னு சொன்னேன்."

எனக்கு அந்த நிமிடம் தரையில் கால் பாவவில்லை. ஆனால் அது நீடிக்கவில்லை. "ஷாலினி, போலாம்" என்றபடி மரியலூர்து வந்து என் எதிரே நின்றார்.

"தம்பி, கொக்கு பாக்கறதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா நீங்க குடுத்த தாள்ல அது இல்லியே. ஒரு குருவிய மறைச்சவன் நாளைக்கு ஒரு குவார்ட்டர மறைக்க மாட்டான்னு நான் எப்டி நம்பறது? யோசிச்சுத்தான் சொல்லணும்."

அவர்கள் சிதம்பரம் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டார்கள். அவர் கேட்டது நியாயமாக இருந்ததுதான் என்னை வருத்தியது.

நான் சிதம்பரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பணிபுரிகிறேன். மரியலூர்து அவர்களின் படச்சட்டக் கடை அங்கிருந்து பத்து நிமிட நடைதான். புதன்கிழமை மதிய இடைவேளையில், நானே புதிதாக எழுதிய பயோடேட்டாவை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். கடையின் சுவரில் நடராஜரும் இருதய ஆண்டவரும் மக்கா படமும் கண்ணாடி போட்டு அருகருகே மாட்டப்பட்டிருந்தன. அவர் சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாயிலிருந்த ஆணிகளை எடுத்துவிட்டுத் தாள்களை வாங்கினார்.

"நாலு பக்கமா?"

"மன்னிக்கணும் ஐயா. சின்ன எழுத்தாத்தான் எழுதியிருக்கேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உரக்கவே வாசித்தார்.

"'ஜெபமாலை: நாள்தோறும். வெள்ளிக்கிழமைகளில் நான்காம் தேவரகசியத்தில் உறங்கிவிடுவது உண்டு.' ம். 'மது: கிடையாது. கிறிஸ்துமஸ் கேக்கில் ஊறியிருந்தது மட்டும் ஒரு முறை. இரண்டாம் துண்டு கேட்டு வாங்கியது.' ம்ம். 'பறவை பார்த்தல்: ஒன்பது ஆண்டுகளாக. மனைவிக்கு விருப்பமில்லை எனில் மாதம் இருமுறையாகக் குறைத்துக்கொள்ள முடியும். அறவே விட முடியுமா என்று தெரியவில்லை.' 'பயங்கள்: நாய், உயரம், மேலதிகாரி, தொலைபேசியில் முதலில் பேசுவது.'"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் தம்பி, இது பயோடேட்டாவா, பாவசங்கீர்த்தனமா?"

"எதையாவது விட்டுட்டேன்னு நீங்க நினைச்சிடக் கூடாதுன்னுதாங்க ஐயா."

"உங்க அம்மா இத பாத்தாங்களா?"

"இல்லைங்க ஐயா. அதையும் கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேன்."

அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டி அதைச் சரிபார்த்துக்கொண்டார். மீசைக்குக் கீழே என்ன நடந்தது என்பதை என்னால் காண முடியவில்லை.

"பதினொண்ணாந்தேதி எங்க ஊர்ல லூர்து மாதா திருவிழா. அம்மாவ அழச்சிக்கினு வாங்க. அக்காகிட்டயும் ஷாலினிகிட்டயும் பேசிட்டு, அங்க வச்சி பதில் சொல்றேன்." நான் படி இறங்கும்போது அவர் மீண்டும் கூப்பிட்டார். "தம்பி, உயரம்னா பயம்னு போட்டிருக்கீங்க. எங்க பொண்ணப் பத்தித் தெரியுமில்ல?"

"தெரியுங்க ஐயா."

"தெரிஞ்சுமா எழுதினீங்க?"

"ஆமாங்க ஐயா."

அவர் ஆணிகளை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டார்.

அவர்களுடைய சொந்த ஊர், சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டை போகும் வழியில், வயல்களுக்கு நடுவே இருந்தது. பதினோராம் தேதி மாலைப் பூசை ஐந்து மணிக்கே முடிந்துவிட்டது. தேர் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. வளையல் கடைகளும் அல்வாக் கடைகளும் தாண்டி, அறுவடை முடிந்த வயலில் ராட்டினம் நின்றிருந்தது. அதன் உச்சியைப் பார்க்கக் கழுத்தை வளைத்தவன், பாதியிலேயே அல்வாக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மரியலூர்து தம் பதிலை இன்னும் சொல்லவில்லை. ஷாலினி ஏற்கெனவே ராட்டினத்தை இயக்கும் சிங்காரத்திடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

"ஒத்த ஆள ஏத்த மாட்டம்மா. தொட்டி ஒரு பக்கமா சாஞ்சுக்கும். ஜோடியா வா."

"எப்பவும் என் தங்கச்சி சிந்துஜாகூட வருவேண்ணே. அவளுக்கு நாளைக்குப் பரீட்ச." ஷாலினி மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னப் பாக்காத. எனக்கு சுகரு, பிரஷரு ரெண்டும் இருக்கு."

"அம்மா?"

"நான் மேல போனா, கீழ உன் மானம் போவும். பரவால்லியா?"

ஷாலினி என் பக்கம் திரும்பவில்லை. என் தாளை அவரும் படித்திருக்க வேண்டும். "சரி, அடுத்த திருவிழால பாத்துக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே வரிசையை விட்டு விலகினார். அவர் என்னைக் கேட்காமல் விட்ட அந்த மரியாதைதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

"நான் வரட்டுங்களா?" என்றேன்.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்கள். மரியலூர்து என் தோளில் கை வைத்தார். "தம்பி, உள்ளத உள்ளபடி எழுதிட்டீங்க. அது போதும். இதுல ஏறணும்னு ஒண்ணும் இல்ல."

"பயம் உண்மைதாங்க ஐயா. ஏறணும்னு ஆசையும் உண்மைதாங்க. அந்தத் தாளை எழுதும்போது இது எனக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தா சேர்த்திருப்பேன்."

சிங்காரம் கம்பியை மாட்டினார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். தொட்டி பின்னோக்கி அசைந்து எழும்பியது. உடனே கண்களை மூடிக்கொண்டேன்.

"கண்ண மூடிட்டீங்களா?"

"மன்னிக்கணுங்க."

"பரவால்ல. எனக்கு ஒரு பழக்கம் இருக்கு. ஒரு சுத்துக்கு ஒரு அருள் நிறைந்த மரியே. ஏறும்போது மொத பாதிய நான் சொல்றேன். எறங்கும்போது மீதிய நீங்க சொல்லுங்க. ஜெபக்கூட்டத்துல சொல்ற மாரிதான்."

சொன்னபடியே அவர் தெளிவான குரலில் தொடங்கினார். 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்பதோடு நாங்கள் ஏறினோம். உச்சியைத் தாண்டியதும் தொட்டிக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

"அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்!"

நான்கு வயது முதல் சொல்லிவரும் ஜெபம் அது. 'மரண நேரத்திலும்' என்ற இடத்தை அவ்வளவு பக்தியோடு அதற்கு முன் நான் சொன்னதே இல்லை. வாசகம் வாசித்துப் பழகிய குரல் என்பதால் அது அல்வாக் கடை வரை கேட்டிருக்கிறது. ஷாலினி சிரித்தார், சிரித்ததில் தொட்டி ஆடியது, தொட்டி ஆடியதில் என் குரல் இன்னும் உயர்ந்தது, குரல் உயர்ந்ததில் அவர் இன்னும் சிரித்தார். இரண்டாம் சுற்றில் அவருடைய பாதியே பாதிதான் வந்தது. மூன்றாம் சுற்றில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பயமும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல், இரண்டையும் விட்டேன்.

நான்காம் சுற்றில் தரையை உரசுவது போலக் கடந்தபோது, கீழேயிருந்து மரியலூர்து அவர்களின் குரல் கேட்டது.

"மெதுவா மாப்ள! தேரு கெளம்பறதுக்குள்ள ஜெபமாலையோட நூத்தம்பத்தி மூணு மணியையும் முடிச்சிடுவீங்க போல!"

தொட்டி எங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கீழே அம்மா யாரிடமோ, "மாப்ளன்னாரு! கேட்டீங்களா? மாப்ளன்னு கூப்ட்டாரு!" என்று கூவுவது கேட்டது.

ஷாலினியின் ஜெபம் நின்றுவிட்டது.

"கேட்டுச்சா?"

"கேட்டதுங்க."

"எனக்குச் சரியா கேக்கல" என்றார். அவருக்குக் கேட்டிருந்தது என்பது குரலிலேயே தெரிந்தது.

கீழே யாரையோ ஏற்றிக்கொள்வதற்காக ராட்டினம் நின்றது. நாங்கள் உச்சியில் இருந்தோம். நான் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். வைக்கோல் நிற வயலின் ஓரத்தில் தேருக்கு வண்ண விளக்குகள் ஒவ்வொன்றாய் எரியத் தொடங்கியிருந்தன. ஷாலினி கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தார். தொட்டி அவரோடு சேர்ந்து சாய்ந்தது. நான் அவருடைய துப்பட்டாவின் நுனியை, மிகவும் தவிர்க்க முடியாத காரணத்தால், பிடித்துக்கொண்டேன்.

"மாமா!" என்று அவர் கத்தினார். "சொன்னது கேக்கல! இன்னொரு வாட்டி சொல்லுங்க!"

கீழே, திருவிழாக் கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்க்க, அந்தப் பெரிய மீசைக்காரர் இரு கைகளையும் வாயருகே குவித்தார்.

"மாப்ளேன்னேன்!"

ராட்டினம் அசைந்து இறங்கத் தொடங்கியது. இது என் பாதி என்பதால், நான் கண்ணை மூடிக்கொண்டு உரக்கத் தொடங்கினேன்.